கலங்கிய பை

பான்திங் வீட்டில் காலை ஆறு மணிக்கு ஜன்னல்களைச் சாத்திவிடுவார்கள். மின்விசிறியும் நின்றுவிடும். எட்டாம் மாதத்து வெக்கையில் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு உட்காரும் வீடு எங்கள் தெருவில் அது ஒன்றுதான். எதிர்வீட்டு வாசலில் பல் விளக்கிக்கொண்டே நான் பார்ப்பேன். அரை மணி கழித்து ஜன்னல் திறக்கும். மருமகள் தோவா முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கிவிட்டுக்கொண்டு நோட்டுப் புத்தகத்தோடு வாசலுக்கு வருவாள். வெளிச்சத்தில் அதை விரித்துப் போனில் படம் எடுப்பாள். படம் நகரத்து ஆஸ்பத்திரியில் லியாவ் என்கிற நர்சுக்குப் போகும்.

அவள் மாமனார் பான்திங்குக்குச் சர்க்கரை வியாதி இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது. வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதன் வழியாக இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரை உள்ளே இறக்கிச் சில மணி நேரம் ஊறவிட்டு, பிறகு வெளியே வடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை. எல்லாம் வீட்டிலேயே. தூசி படக்கூடாது, காற்றடிக்கக்கூடாது, கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்க்க வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் கிருமி குழாய் வழியே வயிற்றுக்குள் இறங்கிவிடும். இறங்கினால் உயிருக்கு ஆபத்து. அதைச் சீக்கிரமே கண்டுபிடிக்கத்தான் அந்த நோட்டு. எடை, ரத்த அழுத்தம், உடம்புச் சூடு, வடிந்த தண்ணீர் எவ்வளவு, அது என்ன நிறம் என்று எல்லாமும் அதில் எழுத வேண்டும். வடிந்த பையை நாட்காட்டித் தாள்மேல் வைத்துப் பார்ப்பார்கள். தண்ணீர் வழியே எழுத்து தெரிந்தால் கவலையில்லை. தெரியாவிட்டால் சாப்பாட்டைக்கூட முடிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தடவை அப்படி ஆகி, தாமதமாகப் போய், பத்தொன்பது நாள் படுத்துக் கிடந்துவிட்டு வந்தார். இன்னொரு தடவை முற்றினால் குழாயைப் பிடுங்கிவிடுவோம், அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் நகரத்துக்கு வந்து மெஷினில் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நகரத்துக்குப் போக வர இரண்டு மணி நேரம். மெஷினில் நாலு மணி நேரம். கடலோடு இருந்த மனுஷனுக்கு மிச்சம் என்ன இருக்கும்?

அவர் மனைவி போசுவுக்குத்தான் எங்கள் தெருக்கோடியில் சிப்பிக் கொட்டகை. இருபத்திரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்து சிப்பி உடைக்கிறேன் நான். மகன் பெங் மோட்டார் வைத்த தெப்பத்தை ஓட்டிப்போய் மூங்கில் பந்தலில் தொங்கும் சிப்பிக் கயிறுகளை அறுத்துக்கொண்டு வருவான். சேறு வழியும் கொத்துகளைத் தரையில் கொட்டுவான். நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் ரப்பர் பூட்ஸும் முழங்கைவரை பூப்போட்ட கைத்துணியும் மாட்டிக்கொண்டு, வளைந்த சிறு கத்தியை ஓட்டின் இடுக்கில் செருகித் திருகுவோம். சதை கிண்ணத்தில் விழும், ஓடு பின்னால் பறக்கும். முழுநிலாப் பண்டிகை நெருங்கினால் கை ஓயக்கூடாது. ஊரெல்லாம் அடுப்பு வைத்துச் சிப்பி சுடும் நாள் அது.

தோவாவும் காலை வேலை முடித்துவிட்டு வந்து எங்களோடு உட்காருவாள். வியட்நாமில் ஆற்றுமுகத்து ஊர்க்காரி. பெங்கைக் கட்டிக்கொண்டு வந்து ஒன்பது வருஷம். ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. எங்கள் பேச்சு அவளுக்கு நன்றாக வரும். கோபம் வந்தால் மட்டும் வார்த்தை தடுமாறும். அதனாலேயே கோபப்பட மாட்டாள்.

ஒருநாள் நோட்டைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடப் பள்ளிக்கூடம் போனாள். சும்மா இருந்த நான் அதைப் புரட்டினேன். உடம்புச் சூடு என்ற கட்டத்தில் முப்பத்தாறு புள்ளி நாலு, முப்பத்தாறு புள்ளி ஐந்து, மறுபடி நாலு, மறுபடி ஐந்து. மாசம் முழுக்க அப்படியே.

"போசு அக்கா, உன் மருமக நெசமாவே அளக்கிறாளா, இல்ல நேத்து எழுதினதப் பாத்து இன்னைக்கி எழுதிடறாளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

போசுவின் கத்தி நின்றது.

"ஏன் கேக்குற?"

"சும்மாதான். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நாள் மாதிரி ஒரு நாள் ஒடம்பு இருக்காது. உங்க வீட்டுக்காரருக்குக் கடிகாரம் மாதிரில்ல இருக்கு."

"நான் அந்தக் கட்டத்தையெல்லாம் பாக்குறதே இல்ல" என்றாள் போசு. அப்புறம் ஒரு கிண்ணம் நிறைய உடைத்தாள். நிறைந்ததும், "அவளும் படம் எடுத்து அனுப்பிடறா. அந்தம்மாவும் சரின்னு ஒரு பொம்ம அனுப்பிடுது. நடுவுல மனுஷன் எப்படி இருக்கான்னு யாருக்குத் தெரியும்" என்றாள்.

நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். அவள் போகவில்லை.

அந்த வாரமே புயல் எச்சரிக்கை வந்தது. பந்தல்களின் கயிற்றை இறுக்கிக் கட்ட ஊர் ஆண்கள் எல்லாரும் தெப்பம் ஏறினார்கள். அன்று பிற்பகல் கரைமேட்டில் சிப்பி ஓடு கொட்டப் போன நான் பான்திங்கைப் பார்த்தேன். பெங்கின் தெப்பத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். நெஞ்சுவரை நனைந்திருந்தார். சட்டை வயிற்றோடு ஒட்டியிருந்தது. அந்த மனுஷன் குளிப்பதற்கே குழாயைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை ஒட்டிக்கொள்ள வேண்டும்.

"என்ன அண்ணே, இப்படி நனஞ்சிருக்கீங்க?"

"மழ."

அன்று ஒரு சொட்டு மழை இல்லை. வானம் மஞ்சளாகக் கிடந்தது. அவர் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டி, "கியோக்கு, நீ பாக்கல" என்றார்.

நானும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டேன். அறுபத்தாறு வயது ஆம்பளை, நாற்பது வருஷம் கடலில் நின்றவர், ஒரு நாள் கயிறு கட்டப் போனதைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. புயலும் வடக்கே திரும்பிப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்துப் போசு என் காதோரம் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு பை கொறையுது."

"என்ன பை?"

"மருந்துத் தண்ணிப் பைதான். சாமி மேசைக்குக் கீழ பெட்டி பெட்டியா அடுக்கியிருக்குல்ல, நேத்து எண்ணினேன். ஒரு நாளைக்கி நாலுன்னு கணக்குப் போட்டா ரெண்டு கொறையுது."

"எலி கடிச்சிருக்கும்."

"எலி கடிச்சா ஈரம் இருக்காதா? இவளுக ஊர்க்காரிங்கல்லாம் போன்ல ஒரு கூட்டம் வெச்சிருக்காளுங்க. அதுல யாரு வீட்டுலயாவது இதே வியாதி இருக்கும். தூக்கிக் குடுத்துட்டாளோ என்னமோ."

"கேட்டுப் பாரேன்."

"கேட்டா ஒத்துக்குவாளா?" என்றாள் போசு. "இவர வேற ரெண்டு நாளா அவ கிட்டயே சேக்கறதில்ல. 'நான் என்ன கைக்குழந்தையா, நானே மாத்திக்கிறேன்'னு கதவச் சாத்திக்கிறாரு. அவருக்கே அவமேல நம்பிக்க போயிடுச்சு. கட்டின பொண்டாட்டி எனக்குத் தெரியாதா?"

அன்று சாயங்காலம் போசு கடலம்மன் மாஸு கோயிலுக்குப் போய்க் கட்டை போட்டுப் பார்த்தாள். மருமகள் பொய் சொல்கிறாளா என்பது கேள்வி. பிறை மாதிரி இருக்கும் இரண்டு சிவப்புக் கட்டைகளும் மல்லாந்து விழுந்தன. அம்மன் சிரிக்கிறாள் என்று அர்த்தம். பதில் இல்லை. மறுபடி போட்டாள். மறுபடியும் சிரிப்பு. போசு கட்டைகளைத் திருப்பி வைத்துவிட்டு, "இவளுக்கும் வேல இல்ல" என்று முணுமுணுத்தபடி படி இறங்கினாள். சாமி கைவிட்டதால் தானே சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். அன்றைக்கே தெர்மாமீட்டரின் வாலில் இருந்த பொத்தான் அளவு பேட்டரியைக் கழற்றித் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் நோட்டில் உடம்புச் சூடு எழுதப்பட்டிருந்தது. முப்பத்தேழு புள்ளி ஏழு.

அன்று படம் பத்து மணிக்குத்தான் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து கால்மணி நேரத்தில் போன் வந்தது. போன் வந்தது போசுவுக்கு. கொட்டகையில் எங்கள் நடுவே நின்று சத்தமாகப் பேசினாள்.

"ஆமா, நான் அவரு சம்சாரம்தான்... ஏழா? அதெல்லாம் பொய்ம்மா... நான் சொல்றேனே. அளக்கிற கருவில பேட்டரியே இல்ல. பேட்டரி என் பையில இருக்கு. அப்புறம் எங்கேருந்து வந்துச்சு காச்சல்?... தண்ணியா? தண்ணி நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கிக் காலையில என் கண்ணால பாத்தேன். கண்ணாடி மாதிரி. நாட்காட்டியில தேதி மட்டுமில்ல, கீழ பொடியா போட்டிருக்கிற நல்ல நேரம் கெட்ட நேரம்கூடப் படிச்சேன்... வலியா? அவரு ஒண்ணும் சொல்லலியே... சரி, சரி. எதுவும்னா கூட்டிட்டு வரேன்."

போனை வைத்துவிட்டுத் தோவா முன்னால் போய் நின்றாள். பேட்டரியை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இது என்னன்னு தெரியுதா?"

தோவா பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்கதான் எடுத்தீங்களா?"

"நான்தான் எடுத்தேன். எடுத்ததாலதான் உன் வண்டவாளம் தெரிஞ்சுது. செத்த கருவிய வெச்சுக்கிட்டுக் காச்சல் எழுதியிருக்க. எதுக்கு? அவர ஆஸ்பத்திரியில தள்ளிட்டா உனக்கு வேல மிச்சம்னா? ரெண்டு பை எங்க போச்சு? அதச் சொல்லு மொதல்ல!"

"அத்தை, நான்... வேற ஒண்ணு... கடையில வாங்கி..." தோவாவுக்கு வார்த்தை தடுமாறியது. "மாமா வாயில... ஐசு... அந்தப் பழசுல சரியா..."

"பாரு, பாரு, வாய் கொழறுது. பொய்னா கொழறத்தான் செய்யும்."

ஏழு பெண்கள் இருந்தோம். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. தோவா எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்த மாதிரி எனக்குப் பட்டது. கைத்துணியை உருவி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அவள் சொல்ல வந்ததை அப்புறம்தான் முழுசாகக் கேட்டோம். நாக்குக்கு அடியில் வைத்து அளக்கும் தெர்மாமீட்டர் அது. புயல் எச்சரிக்கைக்கு இரண்டாம் நாள் மாமனாரின் தலைமாட்டில் ஒரு கிண்ணம் இருந்ததைப் பார்த்திருக்கிறாள். அடியில் கொஞ்சம் தண்ணீர், வெளியெல்லாம் வியர்த்திருந்தது. சிறுநீரகம் போனவருக்குத் தண்ணீரே அளந்துதான். ஐஸ் எதற்கு? அவருடைய உதடு வெளுத்திருந்தது, அளவு முப்பத்தைந்தே சொச்சம் காட்டியது. அவளுக்கு உறுத்தியிருக்கிறது. அதை நோட்டில் எழுதவில்லை. எழுதினால் அளக்கத் தெரியவில்லை என்பார்கள் என்று வழக்கமான எண்ணையே போட்டுவிட்டாள். அந்த ஒரு நாள் மட்டும் நான் கிளப்பிவிட்டது நிஜமாகிப் போனது. மருந்துக் கடைக்குப் போய் அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவந்து ஒளித்து வைத்திருக்கிறாள். மாமனார் காலைக் கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணசந்த நேரம் பார்த்து அளந்ததுதான் அந்த முப்பத்தேழு புள்ளி ஏழு.

வடிந்த தண்ணீரும் அவளுக்கு உறுத்தியது. மனுஷன் வயிற்றில் ராத்திரி முழுக்க ஊறிய தண்ணீர் வெளியே வந்தால் இளம் தேத்தண்ணீர் நிறத்தில் இருக்கும். பான்திங் கதவு இடுக்கு வழியாக நீட்டிக் காட்டிய பையோ நிறமே இல்லாமல் இருந்தது. போசு கண்ணாடி மாதிரி என்று மகிழ்ந்ததும் அதைப் பார்த்துத்தான். தோவாவுக்கு அந்தக் கண்ணாடியே சந்தேகம்.

கொட்டகையிலிருந்து போனவள் நேராக வீட்டுப் பின்கட்டுக்குப் போயிருக்கிறாள். குளியலறைக்கு வெளியே குப்பை வாளி. காலியான பைகளை அதில்தான் போடுவார் பான்திங். பழைய செய்தித்தாளில் சுருட்டி, வாளியின் அடியில் அமுக்கி வைத்திருந்ததைத் தோண்டி எடுத்தாள். அவசரத்தில் சரியாகக் கொட்டாத பை. அடியில் ஒரு கிண்ணம் அளவுக்குத் தண்ணீர் தங்கியிருந்தது.

அரை மணிக்குள் திரும்பி வந்துவிட்டாள். கையில் கையுறை, வாயில் முகக்கவசம். வழியில் வரும்போதே கொட்டகைத் தூணில் மாட்டியிருந்த நாட்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். எடை போடும் மேசையில் தாளை விரித்து, அதன்மேல் பையை வைத்து, ஒரு மூலையைத் தூக்கித் தண்ணீரை எழுத்தின் மேல் ஓடவிட்டாள்.

"அத்தை, படிங்க."

போசு அசையவில்லை.

"நீங்க படிங்க அக்கா" என்றாள் என்னிடம்.

நான் குனிந்தேன். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. அதற்குள் வெள்ளையாகப் பஞ்சுத் திரிகள் மிதந்தன. தாளில் கொட்டை எழுத்தில் தேதி இருந்தது எனக்குத் தெரியும். அது இருபத்தொன்றா இருபத்தேழா என்று சொல்ல முடியவில்லை.

"தெரியல" என்றேன்.

"இது இன்னைக்கிக் காலையில உள்ளது. நீங்க பாத்த பை புதுசு. வயித்துக்குள்ளயே போகாத பை. பெட்டியில கொறஞ்சது அதுதான்." தடுமாறாமல் சொன்னாள். "அவரு வாயில ஐசு வெச்சுக்கிட்டு அளக்கக் குடுக்கறாரு. ரெண்டு நாளா கலங்கியிருக்கு. மூணு நாளாக்கூட இருக்கலாம்."

"எதுக்கு அவரு அப்படிச் செய்யணும்?" போசுவின் குரல் இறங்கிவிட்டது. "நல்லாத்தான இருந்தாரு. எப்படி கிருமி வரும்? யாரும் தொடல, நனையல..."

அப்போது நான் வாயைத் திறந்தேன். "நனஞ்சாரு. புயலுக்குக் கயிறு கட்டப் போன அன்னைக்கி. நெஞ்சு வரைக்கும். நான் பாத்தேன்."

போசு என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். கையிலிருந்த கத்தியோடே வீட்டைப் பார்த்து ஓடினாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"யாரு? தண்ணி மாத்திக்கிட்டிருக்கேன், கதவத் தெறக்காத!"

"மாத்துற நேரமாய்யா இது? பதினொரு மணிகூட ஆகல. தெறய்யா!"

"போய் சிப்பிய ஒடை, போ."

பெங் தெப்பத்திலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் செத்துப்போனது. தோளால் ஒரு முட்டு. தாழ் பெயர்ந்தது.

பான்திங் கட்டிலில் ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிக் கிடந்தார். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து காதுக்குள் போனது. வலியில் பல்லைக் கடித்திருந்தார். அந்த நிலையிலும் தோவாவைப் பார்த்ததும் கையை உயர்த்திக் காட்டினார்.

"இவதான! எனக்குத் தெரியும். உளவு பாக்குறா. தூங்கும்போது அக்குள்ள என்னமோ சொருவுறா. என்ன அங்க கொண்டுபோய்த் தள்ளத்தான் நாள் பாக்குறா."

"மாமா, வயிறு வலிக்குதா?" என்றாள் தோவா.

"வலிக்கல."

"கால நீட்டுங்க பாப்போம்."

"நீட்ட மாட்டேன்."

"வாயில ஐசு வெச்சிருந்தீங்களா இல்லியா?" என்றாள் போசு.

"வெய்யிலுக்கு வெச்சேன்."

"கடல்ல நனஞ்சீங்களா இல்லியா?"

அவர் பெங்கைப் பார்த்தார். பெங் தலையைக் குனிந்துகொண்டான். "நான் வேணாம்னுதாம்மா சொன்னேன். தெப்பத்துல ஏறி உக்காந்துட்டாரு. கட்டு நனஞ்சுதுன்னு கரைக்கு வந்து அவரே மாத்திக்கிட்டாரு. ஒண்ணும் ஆவலன்னு நெனச்சேன்."

"ஊரே சேந்து என்ன முட்டாளாக்கியிருக்கீங்க" என்றாள் போசு. கையிலிருந்த கத்தியை அப்போதுதான் கவனித்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியவளின் குரலில் சொன்னாள்: "எந்திரி. மெஷினுக்குப் போவணும்னா போ. மூணு நாள் போ, ஏழு நாளும் போ. இங்க படுத்துச் செத்தீன்னா உன் படத்துக்கு ஊதுவத்தி கொளுத்த மாட்டேன். சொல்லிட்டேன்."

"நீயுமா?" என்றார் அவர். அதற்குமேல் எதிர்க்க உடம்பில் தெம்பு இல்லை.

தோவா அதற்குள் லியாவ் நர்சுக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாகக் கலங்கல், எவ்வளவு சூடு, எப்போது நனைந்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கலங்கிய பையைத் தூக்கிப் போடாமல் கூடவே கொண்டுவரச் சொன்னார்கள். அதை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். பெங்கின் சின்ன லாரியில் முன்னால் மூன்று பேர்தான் உட்கார முடியும். ஓட்டுபவன் பெங், நடுவில் பான்திங், ஓரத்தில் தோவா. போசு பின்னால் சிப்பிக் கூடைகளோடு கூடையாக ஏறி உட்கார்ந்தாள். லாரி திரும்பும்போது பின்புறக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியே உள்ளே பார்த்துக்கொண்டே போனாள்.

பண்டிகை அவர்களுக்கு ஆஸ்பத்திரியில்தான் கழிந்தது. கொட்டகையை நானும் இன்னொருத்தியும் பார்த்துக்கொண்டோம். அந்த வருஷம் சிப்பி நல்ல கொழுப்பு. ஆனால் எங்களுக்குள் பேச்சு அவ்வளவு ஓடவில்லை. வயிற்றுக்குள் ஊற்றும் தண்ணீரிலேயே மருந்து கலந்து கொடுத்தார்கள். ஐந்து நாளுக்குள் தெளியாவிட்டால் குழாயை எடுத்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் நாள் கலங்கல். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் போசு எனக்குப் போன் செய்து, "தேதி தெரியுது, நல்ல நேரம் கெட்ட நேரம் இன்னும் தெரியல" என்றாள். நாலாம் நாள் அதுவும் தெரிந்தது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கும், குழாயைப் பற்றிப் பேச ஆளே இருந்திருக்க மாட்டார் என்று நர்ஸ் சொன்னதாகப் பெங் சொன்னான்.

பான்திங் திரும்பி வந்தார், குழாயோடு. இளைத்து, கன்னம் ஒட்டி வந்தார். தெப்பத்தின் சாவியைப் பெங் இடுப்பிலேயே முடிந்துகொண்டு திரிந்தான். தண்ணீர் மாற்றும்போது கதவை உள்ளே தாழிடக்கூடாது, வடிந்த பையை இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சட்டம் ஆனது. "என் வயித்துத் தண்ணிக்கு ரெண்டு போலீசு" என்று அவர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினார். தோவாவோடு நேராகப் பேசுவதில்லை. "அவள வரச் சொல்லு, நேரமாச்சு" என்று காற்றைப் பார்த்துச் சொல்வார். ஆனால் நேரத்துக்கு முந்தியே கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

போசு மன்னிப்புக் கேட்டாளா என்று ஊரில் பலரும் என்னைக் கேட்டார்கள். நான் இருந்தபோது நடந்தது இதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாம் நாள், கொட்டகையின் பின்னால் மதியச் சாப்பாடு. சேமியா மாதிரி இழையிழையான நூடுல்சில் சிப்பி போட்டு வேகவைத்திருந்தாள் போசு. தோவாவின் கிண்ணத்தில் ஒரு கரண்டி சிப்பியைக் கூடுதலாகப் போட்டுவிட்டு, யாரையோ சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அவ்வளவு திட்டுனேன். வேறொருத்தியா இருந்தா எக்கேடோ கெட்டுப்போன்னு விட்டுட்டுப் போயிருப்பா. குப்பையில கைய விட்டு எடுத்துட்டு வந்திருக்கா. நல்ல மனசு."

தோவா சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"நல்ல மனசெல்லாம் இல்ல அத்தை."

"பின்ன?"

"பயம். மாமா செத்துப்போனா நான்தான் கொன்னேன்னு சொல்வீங்க. நோட்டு என் கையெழுத்துல இருக்கு. நீங்க சொன்னா ஊரே சொல்லும், பெங்கும் ஒருநாள் நம்பிடுவாரு. என் பொண்ணு காதுல அது விழும். அதுக்குப் பயந்துதான் அளந்தேன். அதுக்குப் பயந்துதான் குப்பையக் கெளறினேன்."

போசு கரண்டியைப் பானைக்குள் விட்டுச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"சரி" என்றாள் கடைசியில். "அந்தப் பயம் கொஞ்சம் இருக்கட்டும். எனக்கும் இப்ப உன்னக் கண்டா பயமா இருக்கு. சாப்பிடு, ஆறுது."

அதற்குமேல் அவர்களுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. சாமி மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டிகளை இப்போது இருவரும் சேர்ந்து எண்ணுகிறார்கள். சேர்ந்து எண்ணுவது நம்பிக்கையினாலா, நம்பிக்கை இல்லாததாலா என்று வெளியே இருந்து பார்த்தால் சொல்ல முடியாது.

பதினோராம் மாதம் வடகாற்று இறங்கியது. கொட்டகைக்கு நீலத் தார்ப்பாய் கட்டினோம். காற்று அதை அடித்துக்கொண்டே இருக்கும். பேசுவது பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும்தான் கேட்கும். அப்படி ஒரு நாளில், சிப்பியைத் திருகிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் தோவா கேட்டாள்.

"அக்கா, நோட்டுல ஒரே நம்பரா இருக்குன்னு அத்தைகிட்ட சொன்னது நீங்கதான?"

கத்தி என் விரலில் இடறியது.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. அத்தை நோட்டப் படிக்கவே மாட்டாங்க. ஒம்போது வருஷத்துல ஒருநாள்கூட நான் எழுதினத அவங்க படிச்சதில்ல. யாராவது படிச்சுச் சொல்லியிருக்கணும்."

பொய் சொல்லியிருக்கலாம். ஏழு பேரில் யாரையாவது கைகாட்டியிருக்கலாம். இறந்துபோன என் கொழுந்தி பெயரைக்கூடச் சொல்லியிருப்பேன், அவ்வளவு கூச்சமாக இருந்தது.

"நான்தான் சொன்னேன்" என்றேன். "வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்."

"ம்."

"மாமா நனஞ்சு வந்தத அன்னைக்கே சொல்லியிருக்கணும். அதச் சொல்லல. சொல்லக்கூடாதத சொன்னேன்."

"ம்."

ஓடு ஒன்று அவள் தோளுக்கு மேல் பறந்து பின்னால் விழுந்தது.

"நீங்கதான்னு தெரிஞ்சா உங்க பக்கத்துல உக்காரக்கூடாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள் தோவா.

"எந்திரிச்சுப் போ. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அவள் எழுந்தாள். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். வாசல் பக்கம் சாரல் அடித்தது. தார்ப்பாய் கிழிந்த பக்கம் ஊதக்காற்று நேராக உள்ளே வந்தது. கொஞ்ச நேரம் நின்றாள்.

"மத்த எடத்துலல்லாம் குளிருது" என்று சொல்லிவிட்டு நாற்காலியை மறுபடி போட்டு உட்கார்ந்தாள். பழைய இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டாள்.

நாலு வருஷம் ஆகிறது. தினமும் பேசிக்கொள்கிறோம், சிரிக்கிறோம். அவள் பெண்ணுக்குப் பிறந்த நாள் என்றால் முதல் துண்டு கேக் எனக்குத்தான் வரும். அந்த ஒரு சாண் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. நானும் என் நாற்காலியை நகர்த்திக் கிட்டே போடவில்லை.